துரைக்குப் போட்ட ஈரல்

ஆலங்குளம்
5.5.2025

அண்ணனுக்கு,

வேல்விழி எழுதுவது. என் நம்பரையும் அபி அப்பா நம்பரையும் நீங்கள் பிளாக் செய்துவிட்டீர்கள். மதினி நம்பருக்கு அடித்தால் சுவிட்ச் ஆஃப் என்கிறது. அந்த ஃபோனையும் நீங்கள்தான் வாங்கி வைத்திருப்பீர்கள். போகட்டும், தபால்காரரை என்ன செய்வீர்கள் என்று பார்க்கிறேன்.

சனிக்கிழமை மேலகரத்தில் உங்கள் வாசலில் நின்று நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். அபி அப்பா டியூட்டியிலிருந்து அப்படியே காக்கிச்சட்டையோடு வந்து, "நாயைச் சுட்டுப் போடுவேன்" என்று சொன்னதும் தப்புதான். ஆனால் நாங்கள் எதற்கு வந்தோம் என்பதை நீங்கள் கடைசிவரை காதில் வாங்கவே இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அபிக்கு வயிற்று வலி வந்தபோது சைக்கிளில் இருந்து விழுந்ததால் என்று நினைத்தோம். திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் ஒரு கட்டி, ஆரஞ்சுப் பழம் அளவு. புற்றுதான் என்று நினைத்துவிட்டேன். டாக்டரம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது நீர்க்கட்டி, நாயிடமிருந்து வருகிற புழு என்றார். "வீட்ல நாய் இருக்காம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஒன்பது வயதுப் பிள்ளை, தன்னிடம் கேட்டதாக நினைத்துக்கொண்டு சிரித்தபடி சொல்கிறாள்: "மாமா வீட்ல துரை இருக்கு. லீவுக்குப் போனா எங்கூடதான் படுக்கும்."

சில வாரம் மாத்திரை கொடுத்துவிட்டு வயிற்றைத் திறந்து எடுப்பார்களாம். அதுவரை அவள் விழக்கூடாது, ஓடக்கூடாது, யாரும் வயிற்றில் இடித்துவிடக் கூடாது. கட்டி உள்ளே உடைந்தால் உடம்பு அதைத் தாங்காமல் உயிருக்கே ஆபத்தாகிவிடும். சைக்கிளைப் பூட்டிவிட்டேன். அவள் எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே போகிறேன். இந்தக் கடிதத்தை எழுதுவதற்குள்ளேயே எத்தனை தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்று கணக்கில்லை.

எனக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள். அந்த நாயைக் கொன்றுவிடுங்கள், இல்லையென்றால் எங்காவது கொண்டுபோய்த் தள்ளுங்கள். அது இருக்கிற வீட்டு வாசலை நான் மிதிக்க மாட்டேன்.

வேல்விழி


மேலகரம்
9.5.2025

வேலு,

நீங்கள், செய்யுங்கள் என்று தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி எழுதியிருக்கிறாய். நேற்றுவரை "ஏண்ணே, நீ சும்மா கெட" என்று சொன்னவள்தானே நீ? கோபம் வந்தால் மரியாதையும் சேர்ந்து வருமோ?

பிள்ளைக்கு இவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நீ வாசலில் நின்று "ஒன் நாயி எம்பிள்ள ஈரலத் தின்னுட்டு" என்று கத்தினால் நான் என்னவென்று புரிந்துகொள்வேன்? கூடவே மாப்பிள்ளை இடுப்பு பெல்ட்டில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். தெருவே வேடிக்கை பார்த்தது. பலவேசம் வீட்டுக்குப் போலீஸ் வந்திருக்கிறது என்று கீழத்தெரு வரை பேச்சு.

சரி, கேட்கிறேன். நாய் கடித்தால் நோய் வரும், அது எனக்கும் தெரியும். அதற்குத்தான் வருஷா வருஷம் ஊசி போடுகிறேன். கடிக்காத நாயிடமிருந்து ஈரலுக்குள் எப்படிக் கட்டி போகும்? துரையைப் போல் சுத்தமான நாயை நீ காட்டு. கன்னி ஜாதி வேட்டைநாய். ஞாயிற்றுக்கிழமைதோறும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுகிறேன். சோறு நம் சோறு. கறிக்கடையில் கழித்துப் போடுகிற ஈரலை வாங்கிவந்து போடுகிறேன். கொடைத் திருவிழாவுக்கு மாடன் கோவிலில் கிடா வெட்டும்போது நீர்க்குமிழ் விழுந்த ஈரலை யாரும் தின்ன மாட்டோம். அதை அறுத்து நாய்க்குப் போடுவோம். மாடனுக்குக் காவல் நாய், அதன் பங்கு அது. நம் அப்பா போட்டார், அவர் அப்பா போட்டார், இப்போது நான் போடுகிறேன். இத்தனை தலைமுறையில் அதைத் தின்ற ஒரு நாய் சுருண்டு படுத்ததை நான் கண்டதில்லை.

ஊர்ப்பட்ட பிள்ளைகள் அதைக் கட்டிக்கொண்டு திரிகிறார்கள். அவர்களுக்கெல்லாம் வராததா உன் பிள்ளைக்கு வந்துவிட்டது?

உன் மதினி சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். அபிக்குச் சோறு இறங்குகிறதா என்று கேட்கச் சொன்னாள். நானும் கேட்டேன் என்று வைத்துக்கொள்.

பலவேசம்


ஆலங்குளம்
14.5.2025

அண்ணே,

உன் கடிதத்தை டாக்டரம்மாவிடமே வாசித்துக் காட்டினேன். நீர்க்குமிழ் விழுந்த ஈரல் என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "அதாம்மா. அதேதான்." நீ வாதாடுவதற்கென்று எழுதியது ஒப்புதல் வாக்குமூலமாகிவிட்டது.

என் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குச் சொல்வது மாதிரியே சொல்கிறேன், கோபப்படாதே. அந்தக் குமிழுக்குள் இருப்பது புழுவின் குஞ்சு. நாய் அதைப் பச்சையாகத் தின்றால் குஞ்சுகள் நாயின் குடலில் புழுவாகும். அரிசிக் குருணை அளவுதான் இருக்கும். அதனால் நாய்க்கு ஒரு கேடும் இல்லை, நன்றாக ஓடும், நன்றாகத் தின்னும். நீ சுருண்டு படுத்த நாயைக் காணாதது அதனால்தான். புழு போடுகிற முட்டை மட்டும் நாயின் மலத்தோடு வெளியே வரும். மண்ணில் கிடக்கும், புல்லில் கிடக்கும், நாய் தன்னை நக்கும்போது ரோமத்தில் ஏறும். புல்லை ஆடு மேய்ந்தால் ஆட்டு ஈரலில் குமிழ் விழும். நாயைத் தடவிய கையோடு பிள்ளை முறுக்கைத் தின்றால் பிள்ளையின் ஈரலில். எல்லாருக்கும் வராது. வந்தவர்களுக்கும் வருஷக்கணக்கில் ஒன்றும் தெரியாது. மெள்ள மெள்ளத்தான் வளரும். அபிக்கு மூன்று நான்கு வயதிலேயே உள்ளே போயிருக்கும் என்கிறார். துரையிடமிருந்தா, அதற்கு முன் நீ வைத்திருந்த நாயிடமிருந்தா, எங்கள் தெரு நாயிடமிருந்தா, யாரால் சொல்ல முடியும் என்றும் சொன்னார். கடைசியில் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யாரையாவது வைய வேண்டும் போலிருக்கிறது.

மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் வாந்தி. நேற்றுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கண்ணாமூச்சி விளையாடும் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினாள். நான் அலறிய அலறலில் அப்படியே நின்று அழுதாள். என்னைக் கண்டாலே பயப்படுகிறாள். துரை எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள், நன்றாக இருக்கிறது என்கிறேன். 

இன்னமும் அந்த நாய் உன் முற்றத்தில்தான் படுத்திருக்கிறதா?

வேல்விழி


மேலகரம்
19.5.2025

வேலு,

நீ கேட்டது நடந்துவிட்டது. துரை இங்கே இல்லை.

குற்றாலம் ஐந்தருவியில் சீசனுக்கு நான் போடுகிற பழக்கடைக்கு ரம்புட்டான் அனுப்புகிற நாசரை உனக்குத் தெரியாது. புளியரையில் தோப்பு வைத்திருக்கிறான். காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். முந்தாநாள் லோடு ஆட்டோவோடு வந்தான். கொல்ல எனக்குக் கை வரவில்லை, அதனால் கொடுத்துவிட்டேன். கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். தானாகவே ஏறி உட்கார்ந்துகொண்டது. ஐந்தருவிக் கடைக்குப் போகிறோம் என்று நினைத்திருக்கும். என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

புழுவென்றும் முட்டையென்றும் நீ எழுதியதை ரெண்டு தடவை வாசித்தேன். பாதி புரிந்தது. புரியாத மீதிக்காக வாதாட எனக்குத் தெம்பில்லை. பிள்ளைக்கு நல்லதாகட்டும்.

வைகாசி கடைசிச் செவ்வாய் கொடை. வந்தால் வா. நாய் இல்லாத வீடுதான்.

பலவேசம்


ஆலங்குளம்
19.5.2025

அண்ணே,

இது உனக்குக் கிடைத்த உடனே நாயை எங்கும் அனுப்பாமல் நிறுத்து. நான் முன்னே எழுதியது தப்பு.

இன்று அபியை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டுத் தென்காசி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாயைத் தொலைத்துவிட்டால் வீட்டு மண்ணை என்ன செய்வது என்று கேட்கத்தான் போனேன். வல்லிநாயகம் என்று ஒரு டாக்டர், பொறுமையாகக் கேட்டார். நாயைத் தொலைக்கச் சொல்லிவிட்டேன் என்றதும் தலையில் கைவைத்துக்கொண்டார். "எங்கம்மா அனுப்புவிய? அங்கன போயும் வெளிக்கி இருக்கத்தானே செய்யும்?" என்றார். ஒரு மாத்திரை போதுமாம். எடைக்குத் தக்கபடி கொடுத்தால் குடலில் இருக்கிற புழு செத்துவிடும். டாக்டர் சொல்கிற இடைவெளியில் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், பச்சை ஈரலும் குடலும் வாயில் படக்கூடாது. அது நிற்காதவரை இந்த நாயைக் கொன்றால் அடுத்த நாய், அதையும் கொன்றால் அதற்கடுத்த நாய். "நாய் என்னம்மா செய்யும்? போட்டதைத் தின்னுச்சு" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

துரையைக் கூட்டிக்கொண்டு அவரிடம் போ. நான் உன் நாயை வைததெல்லாம் வாபஸ்.

திரும்பும்போது தென்காசி பஸ் ஸ்டாண்டில் குற்றாலம் பஸ் வந்து என் முன்னாலேயே நின்றது. மேலகரம் எத்தனை நிமிஷம்? ஏறியிருந்தால் நேரிலேயே சொல்லியிருக்கலாம். வாசலை மிதிக்க மாட்டேன் என்று எழுதிவிட்டோமே என்று ஒரு வீம்பு. ஆலங்குளம் பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன்.

வேல்விழி


ஆலங்குளம்
22.5.2025

அண்ணே,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. அபி அப்பா கையில் இதைக் கொடுத்து பைக்கில் அனுப்புகிறேன். அவர் மேல் இருக்கிற கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்.

அந்த நாசர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா? அதை மட்டும் சொல். துரைக்கு மருந்து கொடுக்காமல் அனுப்பியிருக்கிறாய். நம் வீட்டில் கிடந்தது இப்போது அந்த வீட்டு மண்ணில் கிடக்கும்.

 எங்காவது தள்ளு என்று எழுதியவள் நான். அந்த எங்காவது ஒரு வீடாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே.

வேலு


மேலகரம்
22.5.2025

வேலு,

மாப்பிள்ளை வாசலில் நிற்கிறார். உள்ளே வரமாட்டேன் என்கிறார். உன் மதினி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள், வாங்கிக் குடித்துவிட்டார்.

நாசருக்கு ஒரு பெண் குழந்தை. தவழ்கிற பருவம்.

உன் பத்தொன்பதாம் தேதிக் கடிதமும் இன்றுதான் வந்தது. நானும் அவரோடு கிளம்புகிறேன். வழியில் தென்காசியில் மாத்திரை வாங்கிக்கொள்கிறோம். துரையின் எடை எனக்குத் தெரியும், போன அறுப்பில் விளையாட்டாக நெல் தராசில் ஏற்றி நிறுத்தியிருந்தேன். ஃபோனைத் திறந்துவிட்டேன். ஆனால் இப்போது அடிக்காதே, பேச எனக்கு வாய் வராது.

பலவேசம்


மேலகரம்
28.5.2025

வேலு,

ஃபோனில் நீ கேட்டபோதெல்லாம் "சரியாப் போச்சு, சரியாப் போச்சு" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றும் சரியாகவில்லை. அதைப் பேச்சில் சொல்ல முடியாமல்தான் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். தென்காசியில் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு ஒன்று சொன்னார். மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது, அதனால் சில நாள் நாய் போவதையெல்லாம் அள்ளி எரித்துவிட வேண்டும். செங்கோட்டை தாண்டும்வரை மாப்பிள்ளையும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே ஒரு கடையில் நிறுத்தி, "மச்சான், டீ குடிக்கியளா?" என்று கேட்டார். எனக்கு அழுகை முட்டிவிட்டது. கண்ணில் தூசி என்று சொன்னேன். டீக்கடைக்குள் எங்கே தூசி, அவரும் நம்பியதாகக் காட்டிக்கொண்டார்.

நாசர் வீட்டு முற்றத்தில் துரை படுத்திருந்தது. அந்தப் பிள்ளை அதன் காதைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்க்கிறது. பிடி நழுவினால் உட்கார்ந்துவிடும், உட்கார்ந்ததும் கையை வாயில் வைக்கும். துரை அசையவே இல்லை, பிள்ளைக்கு வாகாகக் காதைக் கொடுத்துக்கொண்டு படுத்திருக்கிறது. என்னைப் பார்த்த பிறகும் அது எழவில்லை என்றால் பார்த்துக்கொள். அத்தனை நல்ல நாய். நான் ஓடிப் போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். அது வீறிட்டது. நாசர் பெண்டாட்டி நூருன்னிசா உள்ளேயிருந்து "மோளே" என்று மலையாளத்தில் மகளைக் கூப்பிட்டபடி வந்தாள். ஆரியங்காவுப் பக்கத்துப் பெண்.

எல்லாவற்றையும் சொன்னேன். போலீஸ்காரரும் பக்கத்தில் நின்றதால் பொய் என்று அவர்களால் நினைக்க முடியவில்லை. நாசர் என் கையிலிருந்த பிள்ளையை வாங்கிப் பெண்டாட்டியிடம் கொடுத்தான். பிறகு கேட்டான்: "அண்ணாச்சி, ஒங்க வீட்டுப் பிள்ளைக்கு ஆவாதுன்னு எங்க வீட்டுல கொண்டாந்து கட்டுனீயளா?"

 தெரியாமல் கொடுத்தேன் என்று சொல்லலாம் என்றால், நீ எழுதியதை ரெண்டு தடவை வாசித்துவிட்டுத்தானே கொடுத்தேன்.

மருந்தை மத்தி மீனுக்குள் வைத்துக் கொடுத்தோம். மாப்பிள்ளையை அனுப்பிவிட்டு நான் தோப்பிலேயே தங்கினேன். துரையைக் கட்டிப் போட்டு, அது வெளிக்கிருந்ததையெல்லாம் மண்வெட்டியால் அள்ளி, மட்டையும் சருகும் போட்டு எரித்தேன். அது படுத்த இடம், முற்றம் எல்லாம் மேல்மண்ணை வழித்து எடுத்தேன். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். நாசர் வேலையாட்கள் மரத்தடியில் நின்று சிரித்தார்கள். "மேலகரத்துப் பண்ணையாரு பீ அள்ளுதாரு." சிரித்துவிட்டுப் போகட்டும். அங்கிருந்தவரை நாசர் என்னோடு பேசவில்லை. நூருன்னிசா மட்டும் நேரத்துக்குக் கஞ்சியை வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

குழந்தையைச் செங்கோட்டையில் டாக்டரிடம் காட்டினோம். இப்போது பார்த்தால் ஒன்றும் தெரியாதாம். "வந்திருக்கணும்னு இல்ல. வந்திருக்காதுன்னும் சொல்ல முடியாது" என்றார். நாய் கூட இருந்த நாள் கொஞ்சம்தான், அதனால் பெரும்பாலும் பயமில்லை, வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்றார்.

துரையைக் கூட்டி வந்துவிட்டேன். வரும்போது அந்தப் பிள்ளை அழுதது.

பலவேசம்


ஆலங்குளம்
3.6.2025

அண்ணே,

ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். பதினெட்டாம் தேதி. கட்டி உடையாமல் முழுசாக எடுக்க வேண்டும், அதுதான் வேலையே என்கிறார் சர்ஜன். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் பெயரை எழுத எழுத்து மறந்துபோயிற்று.

நூருன்னிசா குழந்தையை நினைக்காத பொழுது இல்லை. அபி தூங்கும்போது அவள் வயிற்றைப் பார்ப்பேன், உடனே அந்தக் குழந்தை ஞாபகம் வரும். எழுந்து பாத்திரம் விளக்குவேன். விளக்கின பாத்திரத்தையே திரும்ப விளக்குகிறேன் என்று அபி அப்பா சொல்லித்தான் தெரிந்தது.

கொடைக்கு நான் வரவில்லை. அந்தக் கூட்டத்தில் அபியைக் கொண்டுவர முடியாது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கும் கிடா வெட்டுவீர்கள். அத்தனை கிடாவில் ஒன்றிலாவது குமிழ் இருக்கும். துரைக்குப் போடமாட்டாய், அது தெரியும். ஆனால் அரிவாள் பிடிக்கிறவன் நீ ஒருவன், சுற்றி நிற்கிற சொக்காரப் பங்காளிகள் எத்தனை பேர்? கோவில் காரியம் பார்க்கிற சித்தப்பா இருக்கும்போது பங்கை நிறுத்த முடியுமா? நீ போடாவிட்டால் வேறொருவர் எடுத்து எறிவார். கோவிலைச் சுற்றி எத்தனை தெரு நாய், அவற்றோடு எத்தனை பிள்ளைகள்?

என்ன செய்யப் போகிறாய்? எனக்கு வேறு யாரிடமும் கேட்கத் தெரியவில்லை.

வேலு


மேலகரம்
12.6.2025

வேலு,

கொடை முடிந்தது. முடிந்ததா, என்னை முடித்தார்களா என்று இன்னும் தெரியவில்லை.

முதல் நாளே சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். குழி வெட்டி ஆழமாகப் புதைத்துவிடுவோம் என்றேன். "ஏலே, மாடன் நாய்க்குள்ள பங்கக் குழியில போடச் சொல்லுதியா? ஒங்க அப்பன் எனக்கு அண்ணம்லே, அவன் இதக் கேட்டிருந்தா ஒன் நாக்க அறுத்திருப்பான்" என்றார். பங்கை நிறுத்த முடியாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். டாக்டர் வல்லிநாயகத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். ஈரலை நன்றாகக் கொதிக்க வைத்தால் உள்ளே இருக்கிறது செத்துவிடுமா? "கொஞ்ச நேரம் போதாது. நல்லா அவியணும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை கோவிலுக்குப் பின்னால் அடுப்பு மூட்டி நெல் அவிக்கிற பெரிய பானையை ஏற்றிவிட்டேன். பொங்கல் பானை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். கிடா விழ விழ ஈரலை நானே எடுத்துப் பார்த்தேன். ரெண்டில் குமிழ் இருந்தது. விரல் நுனியளவு, உள்ளே தெளிந்த தண்ணீர். இத்தனை வருஷமாக எத்தனை அறுத்து வீசியிருப்பேன், ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை. அப்படியே கொண்டுபோய்ப் பானையில் போட்டு மூடினேன்.

சித்தப்பா பார்த்துவிட்டார். மேளமே நின்றுவிட்டது. "என்னலே இது? மாடன் பங்குக்குச் சமையல் வைக்கியா? சாமி கேக்காதா?" என்று கம்பை ஓங்கிக்கொண்டு வந்தார். சொக்காரர்கள் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். எனக்கு அந்த நேரம் பயமே இல்லை. நான் கத்தினேன்: "அடுத்த வாரம் அபி வயித்தக் கீறப் போறாவ சித்தப்பா. அது ஈரலு. இந்த ஆட்டு ஈரல நா அவிச்சுப் போட்டா என்ன? பங்கு போகுதுல்லா? நாயிக்கித்தானே போகுது? மாடனுக்கு வேணும்னா என்னக் கேக்கட்டும், பிள்ளயக் கேக்க வேண்டாம்!"

ஓங்கிய கம்பு இறங்கவில்லை. கீழேயும் போடவில்லை. அப்படியே நின்றார். கூட்டத்தில் யாரோ ஒரு பொம்பளை, உலகம்மாளாகத்தான் இருக்க வேண்டும், "அவிக்கட்டுமே, இப்ப என்ன கெட்டுப் போச்சு?" என்றாள். அவளுக்கு மூன்று பேரப்பிள்ளைகள். பிறகு மேளம் அடித்தது.

ஈரல் கல்லுப் போல் ஆகும்வரை அவித்தேன். ஆறவைத்துத் துரைக்கும் மற்ற நாய்களுக்கும் பங்கு வைத்தேன். சித்தப்பா அதன் பிறகு என்னோடு பேசவில்லை. அடுத்த வருஷம் அரிவாளை வேறு கைக்கு மாற்றப் போவதாகப் பேச்சு. மாற்றினால் மாற்றட்டும். பானைக்குப் பக்கத்தில் நான் நிற்பேன்.

பதினெட்டாம் தேதி காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவேன். உன் மதினியும் வருகிறாள்.

பலவேசம்


ஆலங்குளம்
15.7.2025

அண்ணே,

அபி வீட்டுக்குள் நடக்கிறாள், நாளுக்கு நாள் சத்தமும் கூடுகிறது. ஆபரேஷன் அன்று வராந்தாவில் நீயும் அபி அப்பாவும் ஒரே பெஞ்சில் ஒரு பேப்பரை ஆளுக்குப் பாதியாகப் பிடித்துக்கொண்டு வாசிக்காமல் உட்கார்ந்திருந்தீர்களே, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். கட்டி முழுசாக வந்துவிட்டது. மாத்திரையை இன்னும் சில மாதம் தொடர வேண்டும். தழும்பு மீன்முள் மாதிரி இருக்கிறது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள்.

இனி நிம்மதியாகத் தூங்கு என்று நீ சொன்னாய். தூங்க முடியவில்லை. அதனால் நேற்று புளியரைக்குப் போனேன். போகாதே, நாசர் முகம் கொடுக்க மாட்டான் என்று நீ தடுத்ததால் உன்னிடம் சொல்லவில்லை. நாசர் தோப்புக்குப் போயிருந்தான். அங்கே போய் நின்ற பிறகுதான் கையில் ஆப்பிளும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்தது. இன்னார் என்று சொன்னேன். நூருன்னிசா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க" என்றாள்.

குழந்தை இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறது. நாலு எட்டு வைத்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறது. நாயை எங்காவது தள்ளச் சொன்னது நான்தான், என் அண்ணன் இல்லை என்று சொன்னேன்.  வருஷா வருஷம் ஸ்கேனுக்குப் போகும்போது நானும் வருகிறேன், திருநெல்வேலியில் அந்த டாக்டரம்மாவிடமே காட்டுவோம், நான் கூட இருப்பேன் என்றேன். அவள் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு எழுந்தேன். செங்கோட்டைக்குப் பஸ் வருகிற நேரம். வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து கேட்டாள்.

"அக்கா, ஒங்க பிள்ளைக்கு எத்தன வயசுல தெரிஞ்சுச்சு?"

"ஒம்போது" என்றேன்.

அவள் மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். பிறகு கட்டை விரலால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு வருஷங்களை எண்ண ஆரம்பித்தாள். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனாள்.

நான் திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன் அண்ணே. பஸ் வந்து நின்றுவிட்டுப் போயிற்று.

வேலு